விழாத பூப்பந்து

மில் சங்கு ஊதி, பகல் ஷிப்டு ஆட்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு காலனிக்குள் வந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், மூன்றாம் தெருவின் கடைசியில் வேப்பமரத்தை ஒட்டி வலை கட்டிய காலி மனையில், ஆவுடையம்மாள் தன் புருஷன் கொம்பையாவுக்கு எட்டவே எட்டாத மூலையைப் பார்த்து ஒரு பந்தைத் தூக்கி அடித்தாள். அந்த மஞ்சள் கம்பளிப் பந்து ஒழுங்காக மேலே ஏறியது, ஒழுங்காக வளைந்தது, ஒழுங்காக இறங்கவும் தொடங்கியது, பின்னால் ஓடிப்போன கொம்பையாவின் தலைக்கு மேலே இன்னொரு ஆள் உயரம் இருக்கும்போது அப்படியே நின்றுகொண்டது. சுற்றவில்லை, காற்றுக்கு அசையவில்லை. கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழம் மாதிரி தொங்கியது, கயிறுதான் இல்லை.

ஆவுடைக்கு ஈரக்குலையே ஆடிப்போய்விட்டது. கையிலிருந்த மட்டை நழுவிக் காலில் விழுந்தது, வலிக்கக்கூட இல்லை. "ஏங்க" என்று கூப்பிட வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த நொடியில் வந்தது. அண்ணாந்து பார்த்த கொம்பையா பயப்படவில்லை, கத்தவில்லை. அவர் முகத்தில் மெள்ள மெள்ள ஒரு நிம்மதி பரவியது, பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று கேள்விப்பட்ட பிள்ளையின் நிம்மதி. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததே இல்லை. பந்தை விட்டுவிட்டு அவள் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நிம்மதி அவளை ஏன் அப்படி உலுக்கியது என்று தெரிய வேண்டுமானால், அந்த வீட்டு ஆட்டத்தின் விதி தெரிய வேண்டும். ஆவுடை பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பூப்பந்தில் ஜில்லாவுக்கே ஆடியவள். கல்யாணத்தில் சீர்வரிசைத் தட்டுகளில் குத்துவிளக்கும் வெண்கலப் பானையும் வந்தபோது, பானைக்குள் இரண்டு மட்டையும் குத்தி வைத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அது என்ன சாமான் என்று தெரியாமல் துணி துவைக்கவா என்று கேட்டார்கள். மில்லில் டைம்கீப்பராக இருந்த கொம்பையாவுக்கு அதுவரை மட்டையைப் பிடிக்கத் தெரியாது. மறுவீடு முடிந்து காலனிக்கு வந்த முதல் சாயங்காலமே அவள் ஒரு மட்டையை அவர் கையில் கொடுத்து, வலைக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, "பந்தைக் கீழ விட்டவுக, மத்தவுகளுக்குத் தெரியாத ஒண்ணச் சொல்லணும்" என்று விதியையும் சொல்லிவிட்டாள். முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் வேறு எப்படித்தான் தெரிந்துகொள்வது?

அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். கொம்பையா பந்தைக் கீழே விட்டு விட்டு, பெண் பார்த்து வந்த அன்று முதலில் வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னார். மாமியார் கொடுத்தனுப்பிய தூக்குவாளி ரயிலில் களவுபோகவில்லை, தான்தான் மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னார். அப்பா செத்த அன்று அழுகை வராமல் கண்ணில் எச்சில் தொட்டுக்கொண்டதைச் சொன்னார். ஆவுடையும் எப்போதாவது விடுவாள். நாத்தனாருக்கு என்று வாங்கிய அல்வாவை ஒரே மூச்சில் தின்று தீர்த்ததையும், அவர் சொன்ன சின்னத்தில் ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போடாததையும் சொன்னாள். மகள் பிறந்து, வளர்ந்து, படித்து, ஓசூருக்கு வேலைக்குப் போகும்வரை மழை நாள் தவிர்த்து ஆட்டம் நிற்கவில்லை. காலனியில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால், "கொம்பையா அண்ணாச்சியையும் மதினியையும் பாருங்க" என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் போன சித்திரை தொட்டுக் கொம்பையா பந்தைக் கீழே விடுவதை நிறுத்திவிட்டார். தொப்பையும் முட்டிவலியுமாக, இருபத்தாறு வருஷமாகப் பத்துக்கு ஆறு பந்தைக் கோட்டை விட்ட மனுஷன், திடீரென்று பாய்ந்தார், உருண்டார், மண்ணில் விழுந்து எழுந்து அடித்தார். தெருவே வியந்தது. மாவட்ட அம்பயராக இருந்து ஓய்வுபெற்ற பி.டி. சார் தவசிமுத்து, ஐம்பது வயசுக்கு மேற்பட்டவர்கள் போட்டிக்கு அண்ணாச்சி பெயரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். ஆவுடை மட்டும் வியக்கவில்லை. ஒரு ஆள் இப்படி உயிரைக் கொடுத்து ஆடுகிறான் என்றால் அது ஜெயிக்க அல்ல, எதையோ சொல்லாமல் இருக்க. அதைக் கண்டுபிடிக்கத்தான் அன்றைக்கு அவள் எட்டாத மூலையைப் பார்த்து அடித்தாள். பந்து தரையைத் தொட்டிருந்தால் அவர் சொல்லியாக வேண்டும். பந்து தொடவில்லை.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு ராஜகனி. அண்ணாந்து பார்த்தாள். "என்ன மதினி, பந்து மேலேயே நிக்கி? சரி, ரேஷன்ல பாமாயில் போடுதாங்களாம், வாரீகளா?" என்றாள்.

"ஏட்டி, பந்து அந்தரத்துல நிக்கிடி!" என்று ஆவுடை அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அதான் பாக்கேனே. பாமாயில் தீந்துரும் மதினி."

அடுத்த நாள் தெரு மொத்தமும் வந்து பார்த்தது. பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு வேலை எடுத்துக்கொண்டது. கொக்கிக் கம்பு கொண்டுவந்து இழுத்தார்கள், கம்பு ஒடிந்தது. லைன்மேன் ஏணி போட்டு ஏறி, பந்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியே பார்த்தார்; பந்து அவரைத் தாங்கியது; இறங்கி வந்து, "இது நம்ம லைன் இல்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். மாடக்கண்ணு தன் டீக்கடை பெஞ்சு இரண்டை மைதானத்துக்கு மாற்றினார். ஆட்டோக்காரர்கள் "பந்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டு ஆளை இறக்கினார்கள். வெள்ளிக்கிழமை யாரோ ஏணியில் ஏறிப் பந்துக்கு ஒரு முழம் கதம்பம் சுற்றினார்கள். மழை பெய்தபோது பந்து நனைந்து சொட்டியது, ராஜகனி அதற்கு நேர் கீழே ஒரு வாளியை வைத்தாள். ஓசூரிலிருந்து மகள் போனில் பேசினாள். "அம்மா, நம்ம பந்து நிக்காமே, ஒரு போட்டோ அனுப்பு" என்றாள், பிறகு முருங்கைக்கீரை பொரியலுக்குத் தேங்காய் எப்போது போடணும் என்று கேட்டாள்.

தவசிமுத்து சார்தான் சட்டம் பேசினார். வெள்ளைச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக வந்து, பந்துக்கு நேர் கீழே சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டு, யாரும் சைக்கிள் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு, நடு மைதானத்தில் நின்று தீர்ப்புச் சொன்னார்: "பந்து தரையத் தொடல. மட்டையத் தொடல. வலையத் தொடல. அப்ப ஆட்டம் முடியல. ஆட்டம் முடியாம ஆடுறவுக வெளிய போகப்படாது."

"அப்ப சோறு தண்ணி?" என்றாள் ஆவுடை.

சார் யோசித்தார். "சோத்துக்குப் போகலாம். வேலைக்குப் போகலாம். ஆட்ட நேரத்துக்கு வந்து அவுகவுக இடத்துல நிக்கணும்."

அதன்படி, மில் சங்கு ஊதிய பிறகு தினமும் புருஷனும் பெண்டாட்டியும் மட்டையைப் பிடித்துக்கொண்டு வலைக்கு இருபுறமும் வந்து நின்றார்கள். தெரு பெஞ்சிலும் வாசல்படியிலும் உட்கார்ந்து கடலை தின்றபடி பார்த்தது. பெண்கள் கீரை ஆய்ந்தார்கள். இருட்டு கட்டியதும் சார் விசிலை ஊதி, "நாளைக்கு" என்பார். எல்லோரும் கலைந்து போவார்கள். யாருக்கும் இது அதிசயமாகவே இல்லை. உலகத்தில் எத்தனையோ நிற்கிறது, ஒரு பந்து நிற்கக் கூடாதா என்பது போல இருந்தார்கள். ஆவுடை மட்டும் ஒவ்வொரு நாளும் மைதானத்துக்குள் காலை வைக்கும்போது புதிதாக அதிர்ந்தாள், தெருவைப் பார்த்து அதைவிட அதிர்ந்தாள்.

வீட்டில் கேட்டாள். "என்னத்த மறைக்கீக?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா பந்து ஏன் நிக்கி?"

"பந்து நிக்கதுக்கு நான் என்ன செய்ய? விழட்டும், சொல்லுதேன். விதின்னா விதி, ஆவுடை. நீ போட்டதுதான்."

தான் போட்ட விதி தன் கழுத்தையே பிடிக்கும் என்று அவள் நினைத்தவளில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் சட்டைப் பையைத் துழாவினாள், பீடா மடித்த காகிதம் இருந்தது. மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தாள், பழைய பிரஷர் மாத்திரை தவிர எதுவும் இல்லை, ஆனால் அதுவே அவளைப் பயமுறுத்தியது, வேறு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பாரோ என்று மனசு ஓடியது. சாத்தூரில் கல்யாணம் என்று மாசி மாசம் தனியாகப் போய் வந்தாரே, அது கல்யாணம்தானா என்று நினைத்தாள். நினைக்க நினைக்க சாத்தூரில் ஒரு வீடும், வீட்டு வாசலில் ஒரு கோலமும், கோலம் போடுகிற ஒரு பொம்பளையும் உண்டாகிவிட்டார்கள். அந்தப் பொம்பளைக்குப் பூப்பந்து ஆடத் தெரியுமா என்றுகூட யோசித்து அழுதாள். சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை. கொம்பையாவோ இரண்டாம் தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், வெயிட்டுப் போட்டார், நன்றாகத் தூங்கினார்.

ஆடி பிறந்து காற்று தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. துணிக்கொடியெல்லாம் பறந்தது, டீக்கடைத் தகரம் பறந்தது, பந்து மட்டும் இம்மி நகரவில்லை. அப்படி ஒரு சாயங்காலம், பெஞ்செல்லாம் நிறைந்து, சார் விசிலோடு நின்று, மாடக்கண்ணு கிளாஸ்களைத் தட்டில் ஏந்தி வந்துகொண்டிருந்தபோது, ஆவுடைக்குள் ஏதோ அறுந்தது. மட்டையைக் கீழே போட்டுவிட்டு வலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பந்து எம் பக்கம் விழல," என்றாள். "நான் ஒண்ணும் சொல்லணும்னு இல்ல. ஆனாலும் சொல்லுதேன். எனக்குப் பயமா இருக்குங்க. உங்களுக்கு என்னமோ பெரிய வியாதி, எங்கிட்டச் சொல்லாமலே செத்துப்போயிருவீகன்னு தெனமும் பயந்து சாகேன்."

"வியாதியா?" கொம்பையா திகைத்துப்போனார். "ஏட்டி, எனக்கு என்ன வியாதி? கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்ப சாத்தூர்ல வேற குடும்பமா?"

தெரு கடலை மெல்லுவதை நிறுத்தியது.

"சாத்தூர்லயா? அங்க எனக்கு யாரு இருக்கா? பந்தியில இடமே கிடைக்காம பட்டினியால்லா திரும்பி வந்தேன்!"

"பின்ன என்னத்தங்க? என்னவா இருந்தாலும் தாங்கிக்கிடுதேன். இந்தப் பந்துக்குக் கீழ இனி என்னால ஒரு நாள் நிக்க முடியாது." சொல்லிவிட்டு வலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

கொம்பையா அண்ணாந்து பார்த்தார். அத்தனை நாள் தன்னைக் காப்பாற்றிய பந்து, சாயம் வெளுத்து, வாடிய கதம்பத்தோடு நின்றது. வலைக்கு அந்தப் பக்கம் பெண்டாட்டியின் தோள் குலுங்குவதைப் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை. மட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இந்த ஆட்டம் பிடிக்காது," என்றார்.

பந்து 'தொப்'பென்று சுண்ணாம்பு வட்டத்துக்குள் விழுந்தது.

யாரும் அதைப் பார்க்கவில்லை.

"எந்த ஆட்டம்?" என்றாள் ஆவுடை.

"இதான். பூப்பந்து. ஒருநாளும் பிடிச்சதில்ல."

மாடக்கண்ணுவின் கையிலிருந்து தட்டு விழுந்து கிளாஸ் அத்தனையும் நொறுங்கியது. ராஜகனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தவசிமுத்து சார் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார், வாயிலிருந்த விசில் தானாக ஒரு சத்தம் போட்டது. அந்தரத்தில் பந்து நின்றபோது கண்ணைக்கூடச் சிமிட்டாத தெரு, இப்போது இடி விழுந்த மாதிரி வாய் பிளந்து நின்றது. "அண்ணாச்சி, என்ன வார்த்தை சொல்லிட்டீக" என்று ஒருத்தி கேவினாள். "இப்படியும் உண்டுமா உலகத்துல" என்று லைன்மேன் தலையில் அடித்துக்கொண்டார். அன்று மூன்றாம் தெருவில் ஒரு வீட்டிலும் உலை சரியாகக் கொதிக்கவில்லை. புருஷன்மாரை உட்காரவைத்துப் பெண்டாட்டிகள் கேட்டார்கள், என் ரசம் உண்மையிலேயே பிடிக்குமா, எங்க அம்மா வந்தால் சந்தோஷம்தானா, இந்தச் சேலை எனக்கு நல்லாயிருக்கு என்று சொன்னது மெய்யா. பெண்டாட்டிமாரைப் புருஷன்மாரும் கேட்டார்கள், ஆனால் தூரத்தில் நின்று கேட்டார்கள். சில வீடுகளில் தட்டு விழுந்து நடுவழியில் நின்றதாகவும் மறுநாள் பேச்சு இருந்தது.

ஆவுடை வீட்டுக்கு வந்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். வியாதி இல்லை, இன்னொருத்தி இல்லை. அப்பாடா என்று பெருமூச்சு விட வேண்டிய நெஞ்சு விடவில்லை. கொம்பையா அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"முத நாளே சொல்ல வேண்டியதுதான?" என்றாள், திரும்பாமல்.

"முத நாள் நீ மட்டையக் கையில கொடுத்துட்டுச் சிரிச்சியே, அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்ல? அப்புறம் பந்தக் கீழ விட்டப்பல்லாம் வேற வேற சொன்னேன். தூக்குவாளியச் சொன்னேன், அப்பாவச் சொன்னேன், எல்லாத்தையும் சொன்னேன். போன சித்திரையோட எல்லாம் தீந்துபோச்சு ஆவுடை. உங்கிட்டச் சொல்லாதது இது ஒண்ணுதான் பாக்கி. அதான் உயிரக் கொடுத்து அடிச்சேன்."

ஜில்லாப் போட்டிக்குப் போகிற அளவுக்கு அவர் ஆடிய ஆட்டம் அத்தனையும் இந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருக்கத்தான் என்று அவளுக்கு விளங்கியது. சிரிப்பும் வந்தது, அதை முந்திக்கொண்டு அழுகையும் வந்தது.

"இருபத்தாறு வருஷமா ரெண்டு பேரும் சேந்து ஆடுதோம்னு நெனச்சேன். நான் தனியால்லா ஆடியிருக்கேன்."

தோசை ஒன்று வெந்து, திருப்பி, தட்டுக்குப் போனது.

"சரி, உங்களுக்கு என்னதான் பிடிக்கும்?" என்றாள்.

அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கொம்பையா மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார், தரையைப் பார்த்து யோசித்தார், அடுத்த தோசை கல்லிலேயே கருகும்வரை யோசித்தார்.

"சும்மா உக்காந்திருக்கப் பிடிக்கும்," என்றார்.

"தனியாவா?"

"நீ பக்கத்துல இருந்தா."

மறுநாள் சங்கு ஊதியதும் ஆவுடை வலையை அவிழ்த்துச் சுருட்டிவைத்தாள். வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். இருவரும் உட்கார்ந்தார்கள். இன்னும் அதிர்ச்சி தெளியாத தெரு, துக்க வீட்டுக்கு வந்த மாதிரி பெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கொம்பையா காலை நீட்டி, கையை வயிற்றின் மேல் கோத்து, கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சுகம்.

ஆவுடைக்கு உள்ளங்கை அரித்தது. தோள் குறுகுறுத்தது. காலை மாற்றிப் போட்டாள், முந்தானையை முறுக்கினாள், எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாள். சும்மா உட்காருவது இவ்வளவு பெரிய தண்டனை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. புருஷன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் நமக்காக ஓடிய மனுஷன், நம்மால் உட்கார முடியாதா என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ரொம்பச் சுகமாக இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள்.

காற்றுக்கு வேப்பமரம் சிலிர்த்து இலைகளைக் கொட்டியது. எல்லா இலையும் தரைக்கு வந்தது, ஒன்றைத் தவிர. அது அவள் நெற்றிக்கு மேலே ஒரு முழ உயரத்தில் வந்து நின்றுகொண்டது. ஆவுடைக்கு மறுபடியும் ஈரக்குலை ஆடியது. மூச்சுக் காட்டாமல் இருந்தாள்.

தவசிமுத்து சார் பார்த்தார். எழுந்து போய்ச் சுண்ணாம்பு டப்பாவைக் கொண்டுவந்து, ஆவுடையின் நாற்காலியைச் சுற்றி ஒரு வட்டம் போட ஆரம்பித்தார். ராஜகனி, "தள்ளி உக்காருங்க, மதினிக்கு இலை நிக்கி" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள்.

சுண்ணாம்பு கொட்டும் சரசரப்புக்குக் கொம்பையா கண்ணைத் திறந்தார். வட்டத்தைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருஷம் அவர் வைத்திருந்த முகம் அது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியை இழுத்து அவள் பக்கம் திரும்பினார்.

"சொல்லிரு ஆவுடை," என்றார். "என்னய மாதிரி இழுத்துக்கிட்டுக் கிடக்காத. இப்பவே சொல்லிரு."

ஆவுடை இலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"எனக்கு இப்படிச் சும்மா உக்காரப் பிடிக்கலைங்க," என்றாள். "கொஞ்சங்கூடப் பிடிக்கல."

இலை இறங்கி அவள் மடியில் விழுந்தது. தெரு 'ஐயோ' என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. கொம்பையா மடியிலிருந்து அந்த இலையை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இப்பத்தான் ரெண்டு பேரும் சேந்து ஆட ஆரம்பிச்சிருக்கோம்," என்றார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வா, இருட்டுமுன்ன கடைப்பக்கம் நடப்போம். போற வழியில பாப்போம், ரெண்டு பேருக்கும் என்ன பிடிக்குதுன்னு."